விரிசல் நுனியில் போடாத ஓட்டை

பழைய பிளாஸ்டிக்கில் விரிசல் கண்டால் பலர் உடனே பசையைத் தடவிவிடுகிறார்கள். அது போதாது மச்சான். முதலில் விரிசல் முடிகிற நுனியில் ஊசி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட வேண்டும். அதற்குமேல் விரிசல் ஓடாது. பிறகுதான் பசை. உள்பக்கம் மெல்லிய பித்தளை வலையைச் சூடாக்கிப் பதித்துவிட்டால் ஆயுசுக்கும் நிற்கும்.

உங்கள் தங்கையின் டேப்ரெக்கார்டர் முதல் தடவை அலமாரியிலிருந்து தானாக விழுந்துதான் உடைந்தது. எங்கள் பாப்பா காய்ச்சலில் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அதற்குள் இருந்த ஒரே கேசட். சடை பின்னும்போது, "மெதுவா இழும்மா, மண்டை கழண்டுரும்" என்று பாப்பா கத்துவது அதில் இருந்தது. அதைக் கேட்பாள், அழுவாள். என்னோடு பேச்சே இல்லை.

அன்று பசை காயும்வரை, விரிசல் விட்ட கேசட் மூடியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டியிருந்தது. கூப்பிட்டேன். வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அழுத்திப் பிடி."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நீங்க பசையப் பாருங்க."

எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினாள். அதனால் நுனியில் ஓட்டை போடாமல் விட்டேன். வலையும் வைக்கவில்லை. மூடி மறுபடி பிளந்தது, அவளும் மறுபடி வந்தாள். "நீங்க ஒட்டின ஊரு மெஷினெல்லாம் நிக்குது, வீட்டு மெஷின் மட்டும் வாயப் பொளக்குது" என்று ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள்.

நீங்கள் நல்ல மனதோடுதான் வேறு மெஷின் வாங்கி வருவதாகச் சொன்னீர்கள். அதன் மூடி உடையாது. அவள் என் எதிரே உட்கார மாட்டாள். நீங்கள் வருவதற்கு முன்பு, அவள் கடைக்குப் போயிருந்த நேரம், கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டுப் பதிவு பட்டனை அழுத்தினேன்.

புது மெஷினில் யாரோ மூச்சு விடுகிற சத்தம்தான் வருகிறது, பாப்பா குரல் எங்கே என்று கேட்டீர்கள். அந்த மூச்சு என்னுடையது. அழிந்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாப்பாவைத் தனியாக விட மனம் வரவில்லை.

பழைய மெஷினை முழுசாக ஒட்டிவிட்டால் குரல் திரும்ப வந்துவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். தினமும் வந்து மூடியைப் பிடித்துக்கொள்கிறாள்.

"இன்னைக்குப் பேசுவாளா?"

"பேசுவா. நல்லா அழுத்திப் பிடி."

புது மெஷினை நீங்களே எடுத்துப் போய்விடுங்கள் மச்சான். எங்களுக்குள் பேச்சு நின்றுபோனதே என்று கவலைப்பட்டீர்களே, இப்போது தினமும் பேசிக்கொள்கிறோம்.