மீன் தொட்டி வைத்த ஹோட்டல்

கையில் கடிகாரமும் கண்ணில் கண்டிப்புமாகத் தலைமையேற்றிருக்கும் பேக்கிங் பிரிவின் பெருமாட்டி அஃப்ஸர் ஜஹான் அக்கா அவர்களே! அடுப்படியை விட்டு ஐந்து நிமிடம் மாடிக்கு வந்து நிற்கிற இந்த உணவகத்தின் உரிமையாளர் வக்கார் அகமது பாய் அவர்களே! ஊசியோடும் நூலோடும் உறவாடி, ஊர் பேர் தெரியாதவர் காலுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் என் தாய்மார்களே! மனைவிக்குத் துணையாக வந்து சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிற மாப்பிள்ளைமார்களே! பிரியாணி எப்போது ஏறி வருமென்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் இரண்டாவது லைன் சூப்பர்வைசர் பூங்குழலியின் அன்பு வணக்கம்.

என்ன? சீக்கிரம் முடிக்கணுமா? மெர்சி, அது உன் குரல்தானே! லைனில்தான் என் பேச்சைக் கேட்பதில்லை, மைக்கிலாவது கேளம்மா.

இன்று ஜூன் முதல் தேதி. நம் தையல் பிரிவில் பதினோரு பேருக்கு இன்று பிறந்தநாள். ஒரே தேதியில் பதினோரு பேரா? அன்றைக்கு ஆம்பூரில் அப்படி என்ன அதிசயம் நடந்தது? ஒரு மண்ணும் நடக்கவில்லை! பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் தேதி கேட்டார். நம் அப்பன்மார் தலையைச் சொறிந்தார்கள். "நல்ல மழ பேஞ்ச வருசம் சார்" என்றார்கள். அவராகவே ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அதுவே ஆதாரில் ஏறியது, அதுவே கம்பெனியிலும் ஏறியது. தேதி யார் போட்டதாக இருந்தால் என்ன? பிறந்தது நாம்தானே! பாடுபட்டது நாம்தானே! நமக்கு ஒரு நாள் கொண்டாட்டம் கூடாதா?

கூடும் என்று முடிவு செய்தோம். எந்த ஹோட்டலில் என்று கேட்டதும்தான் கலகம் மூண்டது. ஏ.சி. வேண்டும் என்றார் ஒருவர். வேலூருக்கே போவோம் என்றார் இன்னொருவர். "பலூன் கட்டாத ஹோட்டல்ல இன்னாக்கா பர்த்டே?" என்று சண்டைக்கே வந்தாள் மெர்சி. சிரிக்காதே, நீதான் சொன்னாய்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியது கிறிஸ்டினா. பதினோரு பேரில் மூத்தவரான நம் மரியம்மாள் அக்காவின் மகள். சத்துவாச்சாரியில் ஆபீஸ் வேலை பார்க்கிற பெண்.

"அக்கா, நீங்க பேஜார் ஆவாதீங்க. அம்மா சம்பளத்தன்னிக்கு எப்பவும் போற ஹோட்டல் ஒண்ணு இருக்கு. உள்ள பச்ச சுவரு. ஆளுயரக் கண்ணாடி. கை கழுவுற எடத்துல மூணு கொழா. ஜன்னலோரம் மீன் தொட்டி, அதுல ரெண்டு ஆரஞ்சு மீனு. அம்மா தொட்டி பக்கத்துல உக்காந்து சாப்ட்டுட்டுதான் எங்களுக்குப் பார்சல் வாங்கினு வருவாங்க. அங்கயே வெச்சிக்கலாம்க்கா."

பேர் கேட்டேன், தெரியவில்லை. சரி, மீன் தொட்டி வைத்த ஹோட்டல் ஆம்பூரில் எங்கே ஓடிவிடப் போகிறது என்று, நானும் நம் லைன் சோபனாவும் வண்டி எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடினோம். ஏறாத படியில்லை, எட்டிப் பார்க்காத வாசலில்லை. போன இடத்திலெல்லாம் எங்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்கள். என்ன வார்த்தை? நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம்!

ஆங்! "பார்சலா?"

வாங்க என்று சொல்லவில்லை. உட்காருங்க என்று சொல்லவில்லை. பார்சலா! ஒரு பெண் ஹோட்டல் வாசலில் வந்து நின்றால் அவள் புருஷனுக்கு வாங்க வந்தவள், பிள்ளைக்கு வாங்க வந்தவள். அவளுக்கே பசிக்கும் என்று எவருக்காவது தோன்றியதா? தோன்றவில்லையே!

தொட்டியும் கிடைக்கவில்லை, மீனும் கிடைக்கவில்லை. கடைசியில் மரியம்மாள் அக்காவிடமே போய்க் கேட்டேன். அக்கா மிஷினை நிறுத்தினார்.

"அடி போடி இவளே. வாசல்ல நின்னு பார்சல் வாங்கினவளுக்கு உள்ள இன்னா இருக்குன்னு எப்பிடிடி தெரியும்? வாங்கினு போறது கம்மி. நானும் தின்னா புள்ளைங்களுக்குப் பத்தாது. சாப்ட்டியாம்மான்னு கேக்கும். சாப்ட்டேன்னு சொன்னா நம்பாது. எங்க உக்காந்த, அங்க இன்னா இருந்துச்சுன்னு நோண்டி நோண்டிக் கேக்கும். அதான் நானா ஒண்ணொண்ணா சொன்னேன். கிறிஸ்டினாவுக்கு மீனுன்னா உசுரு. அதுக்காவ தொட்டி ஒண்ணு வெச்சேன்."

அன்று மாலை மகளிடமும் அவரே சொல்லிவிட்டார். "மேடையில பேசணும்னா பேசிக்கோ, இனிமே இன்னா வெக்கம்" என்று எனக்கு உத்தரவும் கொடுத்தார். ஆனால் கூடவே ஒன்று சொன்னார்: "எனக்கு அங்கல்லாம் உக்காந்து பழக்கமில்ல. ஒரு பார்சல் கட்டிக் குடுத்துடு, போதும்."

தாய்மார்களே! அதைக் கேட்டபின் எனக்கு ஏ.சி. எதற்கு? பலூன் எதற்கு? அக்கா பார்சல் வாங்குவது எங்கே என்று கேட்டுக்கொண்டு நேரே இந்தக் கடைக்கு வந்தேன். பொய் சொல்ல மாட்டேன், வக்கார் பாயும் என்னைப் பார்த்ததும் "பார்சலாம்மா?" என்றுதான் கேட்டார். பாய், தலையைக் குனியாதீர்கள், மீதியையும் சொல்கிறேன். கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தம்மா பத்தொம்போது வருசமா நம்ம கடையிலதாம்மா வாங்குறாங்க. உள்ள வாங்கன்னு நான் ஒரு நாள்கூட சொல்லலியே. எனக்கு ரெண்டு வாரம் டைம் குடுங்க."

அதற்காகத்தான் இந்த ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது சுற்றிலும் பாருங்கள். சுவருக்கு என்ன நிறம்? பச்சை! சாயாதீர்கள், இன்னும் காயவில்லை. அதோ ஆளுயரக் கண்ணாடி. கை கழுவும் இடத்தில் குழாய் எத்தனை? மூன்று! ஜன்னலோரம் பாருங்கள். தொட்டி! தொட்டிக்குள் இரண்டு ஆரஞ்சு மீன்! ஒரு தாய் வாயால் கட்டிய ஹோட்டலை ஒரு மனிதர் கையால் கட்டி வைத்திருக்கிறார். கைதட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்!

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்கு உரியவர் எங்கே? அதோ, கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்! கையிலிருக்கிற பையில் என்னக்கா? டிபன் பாக்ஸா? கிறிஸ்டினா, முதலில் அதைப் பிடுங்கு.

என்னக்கா சொல்றீங்க? "நான் இங்கயே நிக்கறேன், நீ பேசு" என்றா?

பேச மாட்டேன். நீங்கள் உட்காரும்வரை நன்றியும் சொல்ல மாட்டேன், வணக்கமும் சொல்ல மாட்டேன். நான் வணக்கம் சொல்லாமல் கீழேயிருந்து பிரியாணி ஏறாது. இதோ, இத்தனை பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். பிள்ளைகளின் பசி தெரியாதவரா நீங்கள்? நீங்கள் உட்கார்ந்தால்தான் இவர்களுக்குச் சோறு. வாங்கக்கா.

பாய், நீங்கள் கேளுங்கள். சத்தமாக. ஆங்... "உள்ள வந்து உக்காருங்கம்மா!" எல்லோருக்கும் கேட்டதா?

வருகிறார்... வருகிறார்... கிறிஸ்டினா, அழாதே, நாற்காலியை இழுத்துப் போடு.

உட்கார்ந்துவிட்டார்!

தலைவர் அவர்களுக்கும் பாய்க்கும் பதினோரு பிறந்தநாள்காரிகளுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பாய், முதல் தட்டு அந்தத் தொட்டிப் பக்கம் போகட்டும். வணக்கம்!