ஏழு சொல்லும் வரை

மகன்: அப்படியே எழுந்திருக்காதீங்கப்பா. மொதல்ல நாற்காலி நுனிக்கு வாங்க. காலைப் பின்னாடி இழுங்க. பிசியோதெரபி பொண்ணு சொன்னது ஞாபகம் இருக்கா இல்லையா?

அப்பா: ஞாபகத்துக்கு என்ன குறைச்சல்... உடம்புதான் கேக்க மாட்டேங்குது.

மகன்: முன்னாடி குனிங்க, மூக்கு முட்டிக்கு மேல வரணும். ம்... எழுந்திருங்க.

அப்பா: புடிக்காதடா.

மகன்: புடிக்கல. இடுப்பு பெல்ட்டுல கை வச்சிருக்கேன், அவ்வளவுதான். ஒரு கை ஏற்கெனவே மாவுக்கட்டுல கிடக்கு. இன்னொண்ணையும் ஒடச்சுக்கிட்டா யாரு ஊட்டி விடறது?

அப்பா: நீதான். வேற யாரு.

மகன்: கொழுப்பு மட்டும் குறையல. தரையில டேப் ஒட்டியிருக்கேன் பாருங்க. ஒவ்வொரு கோட்டையும் தாண்டிக் காலை வைங்க. குதிகால் மொதல்ல. தேய்ச்சுக்கிட்டுப் போகக் கூடாது.

அப்பா: ஐந்நூறு பசங்கள நடக்க வச்சவன்டா நான்.

மகன்: தெரியும், டிரில் மாஸ்டர். இப்ப நீங்க நடங்க.

அப்பா: கால் தரையோட ஒட்டிக்கிச்சு.

மகன்: நீங்களே எண்ணுங்க. எண்ணுனா பார்க்கின்சன்காரங்களுக்குக் கால் வந்துரும்னு சொன்னாங்கல்ல.

அப்பா: ஒண்ணு... ர...

மகன்: சத்தமா.

அப்பா: சத்தம் எங்க இருக்கு? மைதானம் தாண்டிக் கேட்ட குரல்... இப்ப என் காலுக்கே கேக்கல. நீ எண்ணு.

மகன்: எண்ணுறேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். சாயங்காலம் அக்கா வர்றா.

அப்பா: வரட்டும்.

மகன்: எப்படி விழுந்தீங்கன்னு மறுபடி துருவுவா. தண்ணில வழுக்கிருச்சுன்னுதானே சொன்னீங்க? அதையே சொல்லுங்க. கொஞ்சம் மாத்திச் சொன்னாலும், இவனால பாத்துக்க முடியலைன்னு உங்கள முதியோர் இல்லத்துல கொண்டு போய் விட்டுருவா.

அப்பா: நான் மாத்த மாட்டேன். நீ?

மகன்: நான் மாத்த என்ன இருக்கு? எண்ணிக்கிட்டு இருந்தேன், போன் வந்துச்சு, உள்ள போனேன். வந்து பாத்தா கீழ கிடக்கறீங்க.

அப்பா: ம்... எண்ணு.

மகன்: ஒண்ணு. ரெண்டு. மூணு. கூனாதீங்க, எதிர்க் கண்ணாடியப் பாருங்க. நாலு. அஞ்சு. ஆறு...

அப்பா: ஏன் நிறுத்திட்ட?

மகன்: நிறுத்தல. மூச்சு விட்டேன்.

அப்பா: நான் விழுந்த அன்னைக்கும் ஆறுலதான் மூச்சு விட்ட.

மகன்: போன் வந்துச்சுன்னு சொன்னேனே...

அப்பா: சரி சரி. ஏழு சொல்லு.

மகன்: என்ன சரி சரி? எண்ணிக்கைய நிறுத்துறதப் பத்தி நீங்க பேசறீங்களா? அஞ்சாங் கிளாஸ், உங்க டிரில் பீரியட். நீங்க பத்து சொன்னாத்தான் குந்துனவன் எந்திரிக்கணும். மத்தவனுக்கெல்லாம் பத்து சொல்லி அனுப்பிட்டு, எனக்கு மட்டும் ஒன்பதோட விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க.

அப்பா: மாஸ்டர் புள்ளைக்குச் சலுகைன்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு...

மகன்: எவனும் தொறக்கல. எல்லாரும் சிரிச்சானுங்க. டவுசர் நனையற வரைக்கும் குந்திக்கிட்டே இருந்தேன்.

அப்பா: தெரியும்.

மகன்: என்ன தெரியும்? நீங்கதான் அங்க இல்லையே.

அப்பா: டீ குடிக்கல. சுவத்துக்குப் பின்னாடி நின்னேன். எவ்வளவு நேரம் தாங்குறன்னு பாத்தேன். என்னடா, பெல்ட்டுலேருந்து கைய எடுத்துட்ட? டேய்... கால் நடுங்குது. ஏழு சொல்லு.

மகன்: போன் வரலப்பா.

அப்பா: தெரியும்.

மகன்: உங்களுக்குப் பின்னாடியேதான் நின்னேன். நானும் அதத்தான் பாத்தேன், எவ்வளவு நேரம் தாங்குறீங்கன்னு.

அப்பா: கையக் கட்டிக்கிட்டு நின்ன. கண்ணாடில தெரிஞ்சுது. உடம்பு முன்னாடி போயிருச்சு, கால் வரல... நீ கட்டுன கைய அவுக்கல.

மகன்: அப்புறம் எதுக்கு அக்காகிட்ட தண்ணின்னு சொன்னீங்க? என்னக் காப்பாத்தவா?

அப்பா: பாசம்னு நெனச்சுக்காத. உங்கக்கா எண்ணிப் பாத்தா, பிசியோ எண்ணிப் பாத்துச்சு... இந்தக் காலு அசையல. நீ எண்ணுனா அப்படியே என் பழைய குரல்டா. அதுக்கு மட்டுந்தான் இந்தக் காலு பயந்து நகருது. ஏழு சொல்லு.