நான் கத்தாமல் நின்ற நேரம்

ஓடுகிறேன். ஒரு செருப்பு வரப்புச் சேற்றில் போய்விட்டது. முன்னால் ஜெபக் கொட்டகை. கல் விழுகிறது. தகர ஷீட்டில் விழுந்தால் டங். மண்சுவரில் விழுந்தால் பொத். டங், டங், பொத், டங். எல்லோரும் எனக்கு எதிரே ஓடி வருகிறார்கள். நான் மட்டும் அந்தப் பக்கம் ஓடுகிறேன்.

"ஓடுங்கடி! ஏரிப்பக்கம் ஓடுங்க! வந்துட்டானுங்கோ!"

கத்துவது நான்தான். கஸ்தூரி. அந்தக் கத்தலுக்காக ஊரே பிற்பாடு என்னை மெச்சியது.

பிறகு கண்ணாடி உடைகிற சத்தம். சின்னச் சத்தம்தான். அதற்குப் பின்னால் ஒரு அலறல். யார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. என் தங்கை அமுலு.

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் இருளர் குடியிருப்பு. பத்தொன்பது வீடு. கடைசி வீட்டைத் தாண்டினால் கொட்டகை. ஞாயிறுதோறும் பதினைந்து இருபது பேர் பாடுவார்கள். அன்று பதினைந்து பேர். அமுலு மூன்று வருடமாகப் போகிறாள். நான் போனதில்லை.

ஏன் போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "அந்தப் பக்கம் போனே, கால ஒடிச்சிடுவேன்." அவர் சொன்னது உண்மை. அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதும் உண்மை. போகலாமா வேண்டாமா என்று நான் யோசிக்க வேண்டியதில்லை.

அமுலு யோசித்தாள். அவளுக்கும் வீட்டில் சண்டை நடந்தது. சாமிக்கு ஆகாது என்றார்கள். பொட்டை அழித்தபோது தெருவே பேசியது. ஒரு மாதம் சண்டை போட்டாள். பிறகு அவள் வீட்டுக்காரரே கொட்டகை வாசல் வரை சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவள். அவள் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, பைபிளில் விரல் வைத்து, ஒரே வருடத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். மைக்கைப் பிடித்து வாசிப்பாள். நான் துணி துவைத்துக்கொண்டே கேட்பேன். எங்கே தப்பு விடுகிறாள் என்று கேட்பேன். விடமாட்டாள்.

வெறும் நெற்றியோடு அவள் முகம் நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சல்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை.

தெருமுனைக் குழாய். என் குடம் பாதி நிறைந்திருக்கிறது. செல்லில் பத்து நாற்பது. ரோட்டு மதகில் இரண்டு வேன் வந்து நிற்கிறது. கதவு திறக்கிற சத்தம் நான்கு முறை. இறங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். கையில் தடி. ஒருவன் சாக்கிலிருந்து கல்லை எடுத்துப் பங்கு போடுகிறான். இன்னொருவன் கொட்டகைப் பக்கம் கையை நீட்டுகிறான். அவர்கள் வண்டிப்பாதையில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எனக்கு வரப்பில் குறுக்குவழி. இங்கிருந்து கத்தினாலே கொட்டகையில் கேட்கும்.

நான் கத்தவில்லை.

மைக்கில் அமுலு வாசிக்கிறாள். நிதானமாக. யாருக்கும் பயமில்லாமல். நான் நினைத்தது இதுதான், ஒரு எழுத்தும் மாற்றவில்லை: கொஞ்சம் பயப்படட்டும். ஒரு நாளாவது இவளும் என்னைப்போல் பயப்படட்டும்.

குடம் நிறைந்தது. தண்ணீர் வழிந்து காலில் பட்டது. அப்போதுதான் கத்தினேன்.

கொட்டகைக்குப் பின்பக்கம் சுவர் இல்லை, வேலிதான். ஒன்பது பேர் அதில் நுழைந்து ஏரிப்பக்கம் ஓடிவிட்டார்கள். ஆறு பேர் உள்ளே. அமுலு குழந்தைகளை ஒவ்வொன்றாக வேலிக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசிக் குழந்தை வெளியே போனது. தலைக்கு மேல் ட்யூப்லைட் வெடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். தடிக்காரர்கள் நாற்காலிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கழனிக்காரர் வெங்கடேசன் மண்வெட்டியோடு வந்தார். நெற்றி நிறைய நாமம் போடுகிறவர். பெருமாள் கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கிறவர்.

"டேய்! பொம்பளைங்க கீற எடத்துல இன்னாடா வேல? வெளிய போங்கடா!"

அவரைப் பார்த்து அவர்கள் குழம்பினார்கள். அவர் அதற்குள் தன் லோடு வண்டியை வேலியோரம் கொண்டுவந்தார். "ஏத்துங்க மொதல்ல. அப்பறம் அழுவலாம்." பதினொன்று ஐந்துக்கு வண்டி கிளம்பியது. அமுலுவின் தலை என் மடியில் இருந்தது.

கண் பிழைக்கவில்லை.

நான்காம் நாள் போலீஸ் மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கட்டிலோரம் நின்றேன். கல்லோடு வந்தவர்கள், கட்டாய மதமாற்றம் என்று மனு கொடுத்திருந்தார்களாம்.

"உன்னை யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா? அரிசி, புடவை எதாச்சும் குடுத்தாங்களா?"

"யாரும் இட்டுக்கினு போவல மேடம். நானேதான் போனேன். அரிசி குடுக்கலையான்னு கேக்கறீங்களே, போன மாசம் கஞ்சி காச்சி எடுத்துக்கினு போனதே நான்தான்."

மேடம் சிரித்துவிட்டார். எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானேதான் போனேன். என் வாழ்க்கையில் எதைப் பற்றி நான் இப்படிச் சொல்ல முடியும்? கட்டிக்கொண்டது அப்பா சொன்னவரை. ஜெபத்துக்குப் போகாமல் இருந்தது வீட்டுக்காரர் சொன்னதால். ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்படியும் ஒரு அக்கா இருப்பாளா என்று கேட்டால், இருக்கிறாள்.

அதோடு விட்டாளா? வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். "எங்க அக்காதான் கத்திச்சி. அது மட்டும் கத்தலன்னா ஒருத்தரும் தப்பிச்சிருக்க மாட்டோம்." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் கை கூசியது.

கொட்டகை போய்விட்டது. வெங்கடேசன் தன் மோட்டார் கொட்டகை முன்னால் இருக்கிற இடத்தைக் கொடுத்தார். "மேல கூர கீது. வந்து பாடுங்க. நான் வரமாட்டேன், அவ்ளோதான்." அமுலு வீடு திரும்பிய பின் வந்த முதல் ஞாயிறு. நான் குளித்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"எங்க போற?"

"ஜெபத்துக்கு."

அவர் என் காலை ஒடிக்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கினார். இத்தனை வருடம் இதற்கா பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அங்கே ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். அமுலு எழுந்தாள். மறுபடியும் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன். இருந்த இடத்திலேயே நின்று சொன்னேன். வேன் வந்ததை முதலில் பார்த்தது நான். கல்லைப் பங்கு போட்டதையும் பார்த்தேன். குடம் நிறையும் வரை நின்றேன். பயப்படட்டும் என்று நின்றேன். யாரும் என் வாயைப் பொத்தவில்லை.

அமுலு உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் பாஸ்டர் அவளிடம் வந்தார். நல்ல மனிதர். அன்று அவர் தலையிலும் ஏழு தையல். "அக்காவ மன்னிச்சிடும்மா. மன்னிக்கச் சொல்லி வசனமே இருக்குது இல்ல?"

"இருக்குது பாஸ்டர். நானும் படிச்சிக்கினுதான் கீறேன்." அவள் குரல் உயரவில்லை. "ஆனா இங்க நானா வந்தேன். யாரும் இட்டுக்கினு வரல. மன்னிக்கறதுக்கும் நானா வருவேன். நீங்க இட்டுக்கினு போவாதீங்க."

நான் அழுதேன். அழும்போதும் ஒன்று உள்ளே எரிந்தது. கோபம் கூட இவளுக்குச் சொந்தக் கோபமாக இருக்கிறது.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். விசுவாசமா, குற்ற உணர்ச்சியா, பழைய வயிற்றெரிச்சல்தானா என்று கேட்காதீர்கள். பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் மூன்று பேர் உட்காருகிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, புத்தகத்தை இடது பக்கமாகத் திருப்பிப் பிடித்து வாசிக்கிறாள். இப்போது சில எழுத்து தப்புகிறது. நான் திருத்துவதில்லை.

இனி யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று எழுதி வைக்கிறேன். போனது இவ்வளவு.

தகர ஷீட் ஆறு. நாற்காலி பதினான்கு. மைக் செட் ஒன்று. டிரம் ஒன்று, தோல் கிழிந்தது. பைபிள் நான்கு, அதில் ஒன்று அமுலு எழுத்துப் படித்தது. வேலி, முழுக்க. காயம் ஆறு பேருக்கு. கை முறிந்தது ஒருவருக்கு. அன்றைக்குப் பிறகு வேலை தேடி ஊரை விட்டுப் போன குடும்பம் இரண்டு. உயிர்ச்சேதம் இல்லை. கண் ஒன்று, வலது, என் தங்கையுடையது.

அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டு இன்றோடு ஐம்பத்திரண்டு நாள்.