கடையில பாடும், ஊட்டுல முணங்கும்

...இதே சேர்ல நான் குந்தறது இது மூணாவது வாட்டி சார். நீங்க இன்னா, கீபோர்டு ரிப்பேரா? குட்துட்டு கெளம்பிடுங்க. ஆனா ஸ்பீக்கரு மட்டும் இந்தக் கம்ப்யூட்டர் கடையில வாங்கிடாதீங்க, சொல்ட்டேன். ஓனரு சரவணன் சாப்புடப் போயிக்கிறானாம். வரட்டும், வரட்டும். இன்னிக்கி இந்த புதுவாயலு கூட்டு ரோடே நின்னு வேடிக்க பாக்கற மாரி கேக்கப் போறேன் அவன.

பின்ன இன்னா சார். கடையில போட்டுக் காட்டும்போது கணீர்னு பாடுது. ஊட்டுக்கு எட்துகினு போயி மாட்னா, ஜொரம் வந்தவன் கம்பளி போத்திகினு முணங்கற மாரி கீது. ஒரு ஸ்பீக்கருன்னா போவட்டும். மூணும் அப்டியே. அது எப்பிடி சார்? இவன் ஏதோ பண்றான். கடையில ஒண்ண காட்டிட்டு டப்பாவுல வேற ஒண்ண வெச்சிக் குடுக்கறான். இல்லன்னா ஒயர்ல ஏதோ வேல கீது.

சொம்மா படம் பாக்கறதுக்குன்னா நான் இவ்ளோ பேஜாராவ மாட்டேன். எம் பொண்ணு ஏஞ்சலினு, காலேஜி படிக்கிது, மாதா கோயில் கொயர்ல பாடும். இந்த வருசம் திருவிழா கொடியேத்தத்துக்கு அதோட பாட்டுதான்னு மாஸ்டரு சொல்லிட்டாரு. அது ரூம்ல கதவ சாத்திகினு, ஃபேன நிறுத்திட்டு, வேத்து ஊத்த ஊத்தப் பாடி ரெக்கார்டு பண்ணி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, யப்பா கேளுப்பான்னு போட்டுச்சி. கேட்டேன். நம்ப வாயி சொம்மா இருக்குமா? இன்னாம்மா வாயில துணிய வெச்சிகினு பாடறன்னு கேட்டுட்டேன். அவ்ளோதான். பொண்ணு அழுதுச்சி பாருங்க... அன்னிலேர்ந்து எங்கிட்ட பேச்சு இல்ல. நேத்து இன்னாடான்னா, நான் பாடல, வேற யார்னா வெச்சிக்கோங்கன்னு மாஸ்டருக்கு சொல்லி வுட்டுச்சாம். இன்னிக்கி சாய்ங்காலம் பிராக்டீசு. அதுக்குள்ள நல்ல ஸ்பீக்கர்ல போட்டு, உன் கொரல்ல கொற இல்லம்மா, டப்பாவுலதான் கொறன்னு காட்டணும். காட்டலன்னா பாட்டு வேற பொண்ணுக்குப் பூடும். அப்புறம் எந்த மூஞ்ச வெச்சிகினு நான் திருவிழாவுக்குப் போவேன்?

இன்னா? ...இருங்க சொல்றேன், சொல்றேன்.

நான் ஒண்ணும் தெரியாம வாங்கல சார். மொதல்ல வாங்கனது சின்னது, கைக்கு அடக்கமா. ஆனா அட்டப் பெட்டி மேல வாட்டு நம்பரு போட்டுக்கிறான் பாருங்க, அத்தப் பாத்தா கல்யாண மண்டபத்துக்கே போதும். மில்லுல எங்க ஷிப்ட்டு லோகு பாத்துட்டு சிரிக்கிறான். யண்ணா, அட்டையில நம்பரு அடிக்கறதுக்கு இன்னா செலவாவும்ன்றான். நியாயந்தான? திருப்பிக் குட்துட்டு, ஊஃபரு வெச்சதா வாங்கனேன். அது பாடவே இல்ல சார், வயிறு உறுமுது. தர அதுருது, அலமாரியில தட்டு அதுருது, பாட்டுல ஒரு வார்த்த புரில. பக்கத்தூட்டு திலகவதி அக்கா எட்டிப் பாத்து, தண்ணி ஏறிடுச்சி, மோட்டர நிறுத்துப்பான்னுது.

டப்பு கம்மியா கீறவனுக்கு அட்வைசு ஜாஸ்தி சார். சூப்பர்வைசரு மர பாடியா பாத்து வாங்குன்றாரு, பிளாஸ்டிக்குன்னா டப்பா சத்தம் வருமாம். யூடியூபுல ஒருத்தன், ஊஃபர நம்பாத, வாட்ட நம்பாத, உனுக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்ட கடையிலயே போட்டுக் கேளுன்றான். அதுவுஞ் செஞ்சேன். மர பாடி, இதே கவுண்டர்ல வெச்சி மாதா பாட்டு போட்டேன். மூச்சு இழுக்கறது கூட கேக்குது. மயிர்க்கூச்செறிஞ்சிப் போச்சி. ஆஹான்னு ஊட்டுக்குப் போயி மாட்னா, பழைய குருடி கதவத் தொறடி.

இருங்க சார், எதுக்கு அவசரம், சரவணன் வர நேரமாவும். கீபோர்ட காட்டுங்க... அடடா, இன்னா சார் இவ்ளோ கரி! கவரு போட மாட்டீங்களா? அதான பாத்தேன். எங்க ஊட்டுல வந்து பாருங்க, பொருளு வெச்சிக்கறதுல நான் எப்டின்னு. எங்க தெரு ஃபர்னஸ் கம்பெனிக்குப் பின்னால. காலையில வெள்ள வேட்டி காயப்போட்டா சாய்ங்காலம் மாலை போட்டுகினு மலைக்கே போலாம், அவ்ளோ கருப்பு. அதனால எங்க ஊட்டுல எல்லாத்துக்கும் கவரு. மிக்ஸிக்கு, ரிமோட்டுக்கு, ஃபிரிஜ் கைப்பிடிக்கு. சிலிண்டருக்குக் கூட பாவாட தெச்சிப் போட்டுக்கிறேன். ஏஞ்சலினு ஞானஸ்நானத்துக்கு வாங்கன டிவி, ஸ்கிரீன் மேல ஒட்டன பிளாஸ்டிக்கு இன்னும் உரிக்கல. எம் பொஞ்சாதி ஹெலனு, எனுக்கும் ஒரு கவரு தெச்சிடேன்னு கிண்டலு பண்ணும். பண்ணட்டும்.

ஸ்பீக்கர மட்டும் வுட்ருவேனா? மூணுக்கும் அளவெட்து கவரு போட்டேன் சார். சீட்டு தெக்கிற சின்னதுரை கீறானே, அவங்கிட்ட சொல்லி, ஆட்டோ சீட்டு ரெக்சினு, உள்ளாற ஸ்பாஞ்சு. ஒயரு பூறதுக்கு மட்டும் பின்னால ஒரு ஓட்ட. ஒரு துளி தூசி போவாது. திருப்பிக் குடுக்க வரும்போது கழட்டி வெச்சிட்டு வருவேன், நம்ப கவரு சரவணனுக்கு எதுக்கு? இவன் இன்னா பண்ணுவான், வாங்கி மாட்டுவான், கணீர்னு பாட வெப்பான், நல்லாத்தானண்ணா கீதும்பான். நான் பைத்தியக்காரன் மாரி நிப்பேன்.

இன்னிக்கி கோவத்துல கவரோட அப்டியே பையில போட்டு எட்தாந்துட்டேன், ஜோடியில ஒண்ணு. சவுண்டு திருகற பட்டன் வெச்சது ஊட்ல கீது, அது தனியாவே பாடும். தோ, பாருங்க. இன்னா சார் அமுக்கிப் பாக்கறீங்க? மெத்துனு கீதா? நல்ல ஸ்பாஞ்சு சார். ஆமா, முன்னாலயும் மூடிதான். முன்னால தொறந்து வுட்டா தூசி போவாதா? சத்தம் வர்ற எடமா? அது முன்னாலதான்... அந்த வலை மாரி கீதே, அதுலேர்ந்துதான்...

சார்.

...கம்முனு இருங்க சார். ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரு நிமிசம், போன் போட்டுக்கறேன்.

ஹெலனு... ஏய், கம்ப்யூட்டர் கிட்ட போ. அந்த இன்னொரு ஸ்பீக்கரு கீதே, அதோட கவர கழட்டு. கழட்டுடி, பரவால்ல, தூசி வுழுந்தா வுழுட்டும். நாந்தான் சொல்றேன், ஜொரம்லாம் ஒண்ணும் இல்ல எனுக்கு. பாப்பா பாட்ட போடு. போன கிட்ட வெய்யி.

...

சார், இது எம் பொண்ணு சார். கேளுங்க, இந்தாங்க, காதுல வெச்சிக் கேளுங்க. போன்லயே எப்டி கீது பாருங்க. ஒவ்வொரு எழுத்தும் தனியா வுழுது. இந்தக் கொரலப் போயி நான்... சே.

ஹெலனு, போன பாப்பாகிட்ட குடு. யம்மா ஏஞ்சலினு, வெச்சிடாதம்மா. அப்பா தப்பா சொல்லிட்டேன். மாஸ்டருக்குப் போன் போட்டு நீயே பாடறேன்னு சொல்லுமா. இன்னா? மொத நாளே சொன்னியா? கவருதாம்பான்னு? எப்போ... யப்பா அந்த, யப்பா அந்தன்னு இழுத்தியே, அதுவா? நான் பேச வுட்டிருந்தா சொல்லியிருப்பியா? செரி, செரிம்மா. சிரி. நல்லா சிரி.

பாடப் போவுது சார். உங்க புண்ணியம். நீங்களும் வந்ததுலேர்ந்து ஏதோ சொல்ல வந்துகினே இருந்தீங்க இல்ல? எனுக்கு அதாங் கொற, எதுர்ல கீறவன்...

தோ, சரவணன் வர்றான். சார், உங்க கால்ல வுழறேன், இது நம்பளோட இருக்கட்டும். அந்தப் பைய இப்டி தள்ளுங்க.

வா தம்பி, சாப்ட்டியா? வெயிலு பாரேன். இல்லப்பா, ஸ்பீக்கரு சூப்பரா கீது. தங்கமான பொருளு. எங்க ஷிப்ட்டு பூரா உங்கடைக்குத்தான் அனுப்பப் போறேன். நானா? நான் சொம்மா இந்தப் பக்கம் வந்தேன், சாரு தனியா குந்திகினு இருந்தாரு, பேச்சுத் தொணைக்கி...

எங்க சாரு? இப்போ தான இங்க இருந்தாரு. கீபோர்ட வுட்டுட்டே பூட்டாரே. செரி, வருவாரு, எட்து வையி. அப்டியே வெக்காதப்பா, ரோட்டுத் தூசி பூரா அது மேலதான் வுழும். தோ, எங்கிட்ட ஒரு ரெக்சினு கவரு சொம்மாதான் கீது. அளவு சின்னது, ஆனா பாதி கீபோர்டாவது மூடும்.