மாப்பிள்ளையிடம் கேட்ட கேள்வி

திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்காவும் தங்கையும் இருந்தார்கள். மடியில் இரண்டு போன், இரண்டுக்கும் பொதுவாக மைக் வைத்த ஒரே ஹெட்செட். வேலைக்குப் பேட்டி எடுக்க ஒரு கம்பெனியிலிருந்து தங்கைக்கு போன் வரவேண்டும் போலிருக்கிறது. மணி அடித்ததும் ஹெட்செட்டைக் காதில் மாட்டி, வயரிலிருந்த பட்டனை அமுக்கினாள்.

"வணக்கம் சார். நான் ரெடி சார். எப்ப வந்து சேரணும்?"

பதிலைக் கேட்டவள் சட்டென்று மைக்கைப் பொத்தினாள்.

"அக்கா, வயரு உன் போன்ல கெடக்கு! பேசுறது உனக்கு நிச்சயம் பண்ணுன மாப்பிள்ளை!"

"அய்யய்யோ, நானே இன்னும் அவுககிட்ட ஒரு வார்த்தை பேசலையேடி! என்ன சொன்னாக?"

"நாளைக்கே வந்து சேரலாம்னு சொல்லிச் சிரிக்கிறாக."

"குரல் எப்படிடி இருக்கு?"

"நீயே கேளு." ஹெட்செட்டைக் கழற்றி அக்கா காதில் மாட்டிவிட்டாள்.

சற்று நேரத்தில் தங்கையின் போன் அடித்தது. இந்த முறை கம்பெனியேதான்.

"அக்கா, செத்த நேரம் வயரைக் குடு!"

அக்கா ஹெட்செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தங்கை போனை ஒரு காதில் அழுத்தி, மறு காதைப் பொத்தி, பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பதில் சொன்னாள்.

"அக்கா! வேலை கெடச்சிருச்சு! திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாக!"

அக்கா அவள் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு ஜன்னல் பக்கம் சாய்ந்து, மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள்.

"இன்னும் ஊர் வரலை. வச்சிராதீக."