வாங்கண்ணாச்சி கிணறு

நம்ம கிணத்துல மோட்டார் சத்தம் கேக்காத காலம். முன்னொரு காலம்னே வச்சுக்கோங்க. இதே புன்னைக்கரையில பூதலிங்கம்னு ஒருத்தர் இருந்தாராம். வேற யாரு, எங்க தாத்தாவுக்குத் தாத்தாதான். தென்னந்தோப்பு அவருது, தோப்புக்குள்ள இருக்கிற இந்த நல்லதண்ணிக் கிணறும் அவருது. கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். கோவம் மட்டும் மூக்கு நுனியில நிக்குமாம். யாராவது ஒருத்தர் ம் கொட்டுங்க, அப்பத்தான் கதை நடக்கும்.

தோப்புக்குக் கிழக்கே யூதத் தெரு. கடல் வழியா யாவாரத்துக்கு வந்து, இங்கயே தங்கி, நம்மளை மாதிரியே தமிழ் பேசினவுக. அந்தத் தெருக் கிணறெல்லாம் உப்பு. குடிதண்ணிக்குப் பூதலிங்கம் கிணத்துக்குத்தான் வரணும். அங்க எலியாவுன்னு ஒரு மிளகு யாவாரி. அவர் வீட்டம்மா மால்கா. எலியாவும் பூதலிங்கமும் சினேகிதம்னா அப்படி ஒரு சினேகிதமாம். வாசல்ல இவர் நிழல் விழுந்தாலே உள்ளேயிருந்து "வாங்கண்ணாச்சி!"ன்னு சத்தம் வருமாம். அதைக் கேக்குறதுக்காகவே மனுசன் காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போவாராம்.

ஆடியில நாம கல்யாணம் வைக்கமாட்டோம்லா? அவுகளும் வைக்கமாட்டாக. அவுகளுக்கு அது துக்கக் காலம். எந்தக் காலத்துலயோ அவுக சொந்த மண்ணுல இருந்த பெரிய கோயிலை எதிரிங்க எரிச்சுப்புட்டாங்களாம். அதை நினைச்சு மேளம் கிடையாது, பாட்டு கிடையாது. அமாவாசை வந்துட்டா கறியும் கிடையாது. அதுக்கு ஒம்பதாம் நாள் பல்லுல பச்சைத் தண்ணி படாம, வெறுந்தரையில உக்காந்து அழுவாக. அன்னிக்கு யாரு வந்தாலும் "வாங்க"ன்னு சொல்லமாட்டாக. எழவு வீட்டுல யாரு வாங்கன்னு சொல்லுவா, சொல்லுங்க? பூதலிங்கத்துக்கும் இது தெரியும். ஒம்பதாம் நாள் மட்டும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டார்.

அந்த வருசம் ஒம்பதாம் நாள் சனிக்கிழமையில வந்துச்சாம். பூதலிங்கம் வேற சோலியாத் தெருமுனையைத் தாண்டிப் போறார். பாத்தா, எலியாவு வெளுத்த வேட்டி கட்டிச் சிரிச்ச மூஞ்சியா நிக்கிறார். வீட்டுக்குள்ள இருந்து கறி வாசம். "வாங்கண்ணாச்சி!"ங்கார். இவர் மனசுக்குள்ள, "சரி, இந்த வருசம் துக்கம் முன்னாடியே முடிஞ்சுபோச்சுபோல"ன்னு நினைச்சுக்கிட்டாராம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. முன்னே எலியாவு கொடுத்த தென்னங்கன்னு ஒண்ணு மரமாகி, அப்பத்தான் மொத தடவையாக் காய்ச்சிருந்துச்சு. மொதக் குலையை வேற யாருக்குக் கொடுப்பார்? தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாராம். வாசல்ல நிழல் விழுந்துச்சு, சத்தம் இல்ல. எட்டிப் பாத்தா, எலியாவு தரையில குனிஞ்சு உக்காந்திருக்கார். மால்கா சுவரோரமா இருக்காக. வாங்கவும் இல்ல, உக்காருங்கவும் இல்ல. இவரே ஒரு இளநியைச் சீவி நீட்டினாராம். எலியாவு கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம்னு தலையை ஆட்டினாராம். அண்ணாச்சிக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு அவர் நினைப்பு.

"நேத்துச் சிரிச்ச மூஞ்சி இன்னிக்குத் திரும்பிக்கிட்டுதோ? என் மரத்து இளநி கசக்குதோ?" குலையை வாசல்ல போட்டார். விறுவிறுன்னு கிணத்துக்கு வந்தார். தோண்டியும் கயிறுமா உருவிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்லுவாக. எங்க தாத்தாவைப் பாத்துத்தான் சொல்லியிருக்கணும்.

மத்தியானம் குடத்தோட வந்த பொம்பளைக கயிறில்லாத கிணத்தைப் பாத்துத் திகைச்சுப்போனாக. வேற கயிறு போட்டு இறைக்கலாம்லான்னு கேப்பீக. கிணத்துக்காரன் கயித்தை உருவிட்டா "வராதே"ன்னு அர்த்தம். மானமுள்ளவுக எப்படி இறைப்பாக? நோம்பு இல்லாத சின்னப் பிள்ளைக தண்ணி, தண்ணின்னு சிணுங்குதுக. பெரியவுகளுக்குப் பொழுதடைஞ்சா நோம்பு முடிக்க ஒரு சொட்டு இல்ல.

மால்கா செருப்பில்லாம நடந்தே பூதலிங்கம் வீட்டுக்கு வந்தாகளாம். "அண்ணாச்சி, நேத்து சனிக்கிழமை..."ன்னு ஆரம்பிச்சாக. இவர் காதைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டார். கூப்பிடாத வீட்டுல எப்படிப் படியேறுறது? வாசல் மண்ணுலயே உக்காந்துட்டாக. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாக. மால்கா நகரலையாம்.

பூதலிங்கம் பொஞ்சாதி செல்லக்கனிக்கு மனசு கேக்கலை. செம்புல தண்ணி கொண்டுபோய், "ஒரு வாய் குடிங்க மதினி"ன்னா. "இருட்டட்டும் மதினி"ன்னு அவுக விசயத்தைச் சொன்னாக. செல்லக்கனி செம்போட உள்ள வந்தா.

"பாத்தியா, நம்ம வீட்டுத் தண்ணிகூட வேண்டாமாம்!"னு இவர் குதிக்கார்.

"அவுக யாரு வீட்டுத் தண்ணியும் குடிக்கலை. நோம்பு."

"ஒம்பதாம் நாள் நேத்துல்லா?"

"நேத்து சனிக்கிழமை. சனிக்கிழமை அவுகளுக்குச் சந்தோசமா இருக்கவேண்டிய நாளாம், அழக்கூடாதாம். அதான் துக்கத்தை இன்னிக்குத் தள்ளி வச்சிருக்காக. அதைச் சொல்லத்தான் வந்தாக. நீங்கதான் காதைப் பொத்திக்கிட்டீகளே!"

பூதலிங்கத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சாம். எழவு வீட்டுக்கு இளநி கொண்டுபோய், வாங்கன்னு சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டு வந்திருக்கோமே! வெளியே போகணும். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? கதவுக்குப் பின்னால கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னாராம். வெளியே மால்கா, உள்ளே இவர். நடுவுல ஒரு பூட்டாத கதவு.

வானத்துல நட்சத்திரம் தெரிஞ்சுது. நோம்பு முடிஞ்சுது. மால்கா எந்திரிச்சாக. சேலையில ஒட்டின மண்ணைத் தட்டினாக. தட்டிட்டு, வீட்டுக்குள்ள பாத்துச் சத்தமா, "வாங்கண்ணாச்சி!"ன்னாகளாம்.

அவர் வாசல்ல நின்னுக்கிட்டு அவரையே வாங்கன்னு கூப்பிடுதாக!

"காலையிலேயே தொண்டை வரைக்கும் வந்துடுச்சு அண்ணாச்சி. இப்பத்தான் சொல்ல முடிஞ்சுது."

அவ்வளவுதான். அத்தாம் பெரிய மனுசன் பிள்ளை மாதிரி அழுதுக்கிட்டே வெளியே வந்தாராம். கயித்தோட கிணத்துக்கு ஓடினார். தெரு முழுக்கக் குடம் நிறையுற வரைக்கும் அவரே இறைச்சு ஊத்தினாராம். எலியாவு தண்ணியைக் கையில வாங்கிக்கிட்டு, "நீங்க சாப்பிட்டீகளா அண்ணாச்சி?"ன்னு கேட்டாராம்.

"கோவத்துல காலையில இருந்து ஒண்ணும் இறங்கலை."

"அப்ப நீங்களும் நோம்புதான். மொதல்ல நீங்க குடிங்க."

அந்த யூதத் தெருக்காரவுக எல்லாரும் அவுக நாட்டுக்குக் கப்பலேறிப் போயி ரொம்ப வருசம் ஆச்சு. அதை நினைச்சா எனக்கு இப்பவும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா மோட்டார் வந்த பிறகும் இந்தக் கிணத்துல கயிறு தொங்குது, பாக்கீகல்லா? பழைய கயிறு இத்துப்போனா, புதுசைக் கட்டின பிறகுதான் பழசை அவுக்கணும். கயிறில்லாம இந்தக் கிணறு ஒரு நிமிசம் இருக்கக்கூடாது. ஆடி அமாவாசை கழிஞ்ச ஒம்பதாம் நாள், நட்சத்திரம் தெரிஞ்சதும், எங்க வீட்டு ஆளு ஒருத்தர் கிணத்தடியில நிக்கணும். மொதத் தோண்டி, வழியில வர்ற மொத ஆளுக்கு. அவுக எந்தத் தெருவா இருந்தாலும் சரி, "வாங்க"ன்னு நாமதான் முந்திச் சொல்லணும். அதனாலதான் இதுக்கு வாங்கண்ணாச்சி கிணறுன்னு பேரு.

ஒம்பதாம் நாள் சனிக்கிழமையில வந்தா என்ன செய்வீகன்னு கேக்கீகளா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுப்போம். எங்க வீட்டுல ஒருத்தர் பொறுக்காமப் பட்ட பாடு போதாதா?