சாஞ்ச பக்கம்

— மெதுவா பேசு. கடைக்கு ஆள் வர்ற நேரம்.

— வரட்டுமே. உரக்கடையில உரத்தைப் பத்திதானே பேசறேன்.

— உன் நெல்லுப் பயிர் சாஞ்சு படுத்துடுச்சுன்னு காலையிலேர்ந்து மூணு பேர் துக்கம் விசாரிச்சுட்டுப் போயிட்டாங்க.

— எல்லாம் படுக்கல. ரோட்டோரம் மட்டும்தான்.

— அதுதானே எல்லார் கண்ணுலயும் படுது... உரக்கடைக்காரன் பொண்டாட்டி உரம் வாங்க மாட்டாளாம், நெல்லறுத்ததும் உளுந்து வெதைச்சே மண்ணைத் தேத்திடுவாளாம்னு ஊரே சிரிச்சுது. இப்ப...

— இப்ப நீங்களும் சிரிக்கறீங்க.

— சிரிக்கல. பேசினபடி நடன்னு சொல்றேன். பயிர் சாஞ்சா வயலை என் கையில விடறேன்னு சொன்னியா, இல்லையா?

— சொன்னேன்.

— அப்ப இனிமே உளுந்துங்கற பேச்சே கிடையாது. நெல்லு மேல நெல்லு. உர மூட்டை நம்ம கடையிலேர்ந்தே... இருங்கண்ணே, இதோ வந்துடறேன்.

— அந்த அண்ணனும் கேக்கட்டும். ஏங்க, மத்த பக்கமெல்லாம் நிமிந்து நிக்குதே, அது எப்படி?

— காத்து அடிச்சுது, சாஞ்சுது.

— காத்துக்கு ரோட்டோரம் மட்டும்தான் வழி தெரியுமா?

— எனக்கென்ன தெரியும்...

— அந்த ஓரம் மட்டும் கரும்பச்சையா தழைச்சுக்கிட்டு நின்னுச்சு. உளுந்து வெளைஞ்ச மண்ணுல சத்து ஏற்கெனவே கெடக்கு. அது மேல யூரியாவையும் கொட்டினா தழைதான் வளரும், தண்டு தாங்காது. கடைக்காரருக்கு இது தெரியாதாக்கும்.

— யாரு கொட்டினா? நீ பாட்டுக்கு...

— நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பின அன்னிக்கு, நீங்க சைக்கிள்ல யூரியா மூட்டையை வெச்சுக்கிட்டு...

— நீதான் பஸ் ஏறிட்டியே.

— பஸ் வரல. திரும்பிட்டேன்.

— ...ரோட்டுல போறவன் சிரிக்கக் கூடாதேன்னுதான். பாக்கப் பச்சையா இருந்தா கடைக்கும் மரியாதை... சரி, பாத்தவ அப்பவே தடுத்திருக்கலாம்ல? அவ்வளவு நெல்லும் வீணாப் போச்சே.

— எனக்கு மட்டும் வயிறு எரியலியா? கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். இத்தனை வருஷமா நான் சொன்னா யாரு காதுல வாங்கினா? இப்ப ரோட்டுல நின்னு பாக்கறாங்க. நிக்கறது என்னுது, படுத்துக் கெடக்கறது உங்களுது. வயலை நான் குடுக்கறதா இல்ல... அண்ணே, நீங்க நேத்து கேட்ட விதை உளுந்து எடுத்து வெச்சிருக்கேன், வீட்டுக்கு வாங்க.